விளாச்சேரியில் செப்பனிட்ட எங்கள் வீட்டுக் கொலு பொம்மைகள்

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு வீடு மாற்றியபோது, எங்கள் கொலு பொம்மைகள் வந்த நான்கு டிரங்குப் பெட்டிகளில் ஒன்று மட்டும் லாரிக்குள் கவிழ்ந்த நிலையில் வந்து சேர்ந்தது. மேலே சுற்றியிருந்த தாத்தாவின் பழைய வேட்டித் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. உள்ளே பதினொரு பொம்மைகள் உடைந்தும் விரிசல் விட்டும் கிடந்தன. சாமான்களை ஏற்றி வந்தவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். அதற்கு மேல் அவர்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. என் அம்மாவுக்கு இப்போது 78 வயது. துணியை மீண்டும் அப்படியே மூடிவிட்டு, "இந்த வருஷம் மூணு படி போதும்டி" என்று மட்டும் சொன்னார். ஏழு படிக்குக் குறைந்து எங்கள் வீட்டில் கொலு வைத்ததே இல்லை. அந்தப் பொம்மைகளைச் செப்பனிட விளாச்சேரியில் உள்ள ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கிய அனுபவத்தையே இங்கே எழுதுகிறேன். பழைய பொம்மைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

புதிதாக வாங்கிவிடலாமே என்று உறவினர்கள் பலரும் சொன்னார்கள். அது எளிதுதான். நவராத்திரி நெருங்கினால் சென்னையில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி பொம்மைக் கடைகளால் நிறைந்துவிடுகிறது. பூம்புகார் விற்பனை நிலையங்களில் கொலு பொம்மைக் கண்காட்சி நடக்கிறது. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் பொம்மைகள் எல்லா ஊர்களுக்கும் போகின்றன. ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்ற வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் உடைந்தவற்றுள் செட்டியார் பொம்மையும் ஒன்று. தொந்தியும் நாமமுமாகச் சம்மணமிட்டு அமர்ந்து, முன்னால் அரிசி, பருப்பு, மிளகாய்க் கூடைகளைப் பரப்பியிருக்கும் அந்தக் கடைச் செட்டியாரை என் ஆச்சி (பாட்டி) தன் கையால் விலை பேசி வாங்கியதாக அம்மா சொல்வார். பொம்மையைத் தலைகீழாகக் கவிழ்த்தால், வர்ணம் பூசாத அடிப்பாகத்தில் பென்சிலால் "0-12-0" என்று எழுதியிருக்கும். ரூபாய் ஒன்றுமில்லை, பன்னிரண்டு அணா, தம்பிடி (பை) ஒன்றுமில்லை என்று பொருள். 1957 ஏப்ரலில், ரூபாய்க்கு நூறு காசு என்ற புதுக்காசுக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. அணாவில் விலை எழுதியிருப்பதால், அது அதற்கு முந்தையதாகவோ, அதையொட்டிய காலத்ததாகவோ இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஆச்சியின் கையெழுத்தென்று எஞ்சியிருந்ததாக அப்போது எங்களுக்குத் தெரிந்தது அந்த மூன்று எண்கள்தாம். எந்தக் கடையில் எவ்வளவு கொடுத்தாலும் அதை வாங்க முடியாது.

விளாச்சேரி, மதுரை நகரின் தென்மேற்கில் திருப்பரங்குன்றத்துக்கு அருகே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மண் பொம்மை செய்யும் குடும்பங்கள் வாழும் ஊர் இது. வீட்டுத் திண்ணையே பட்டறை, வாசலே காயப்போடும் களம் என்று அந்தத் தெருக்கள் இருக்கின்றன. நான் போனது ஆனி மாதக் கடைசியில். ஒரு வீட்டு வாசலில் சதுர்த்திக்கான பிள்ளையார்கள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தனர். அடுத்த வீட்டில் தலைக்கு வெள்ளை மட்டும் அடித்த தசாவதாரத் தொகுப்பு. அதற்குப் பக்கத்துப் பலகையில் கிறிஸ்துமஸ் குடிலுக்கான இடையர்களும் ஆட்டுக்குட்டிகளும் மண் நிறத்திலேயே அடுக்கப்பட்டிருந்தன. ஒரே கைகள் ஆவணிக்கும் புரட்டாசிக்கும் மார்கழிக்கும் அடுத்தடுத்து உழைக்கின்றன. நான் பொம்மைகளைக் கொடுத்த பட்டறையில் ஒரு பெரியவரும், அவருடைய மகளும், மருமகனும் வேலை செய்கிறார்கள்.

என்னைக் கவர்ந்தது அவர் கேட்ட முதல் கேள்வி. பெட்டியைத் திறந்து பதினொரு பொம்மைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, விலை எதுவும் சொல்லாமல், "தாயி, இது புதுசாத் தெரியணுமா, பழசாவே இருக்கணுமா? ரெண்டும் வேற வேற வேலை" என்றார். இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு கிருஷ்ணன் பொம்மையைப் பழுது பார்க்கக் கொடுத்தபோது, எதுவும் கேட்காமல் உடம்பு முழுவதும் பளபளக்கும் நீல எனாமலை அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கிருஷ்ணனை அம்மா இன்றுவரை கடைசிப் படியின் ஓரத்தில்தான் வைக்கிறார். ஆகவே, "பழசாகவே இருக்கட்டும் ஐயா, உடைந்த இடம் மட்டும் சேர்ந்தால் போதும்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, செட்டியாரின் முதுகுப்புறம் பெயர்ந்து வந்த ஓட்டுத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்து, "உள்பக்கம் பாருங்க" என்றார்.

பொம்மையின் உள்பக்கத்தை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்த்தேன். முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் களிமண்ணை அழுத்தி, இரண்டையும் பொருத்தி, நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுவதுதான் முறை என்பதால், வெளிப்புறம் அச்சின் வடிவத்தை வாங்கிக்கொள்ள, உட்புறம் அழுத்தியவரின் விரல்களை வாங்கிக்கொள்கிறது. அந்தச் சிவந்த ஓட்டின் உட்குழிவில் பெருவிரல் பதிந்த தடங்கள் வரிசையாக, மேலிருந்து கீழாக, ஒன்றையொன்று தொட்டபடி இருந்தன. ஓரிடத்தில் ரேகைகூடத் தெரிந்தது. சிறிய விரல், பெண்ணுடையதாகவோ, வேலை பழகிய சிறுவனுடையதாகவோ இருக்கலாம் என்று பெரியவர் சொன்னார். ஆச்சி வாங்குவதற்கு முன் அந்தப் பொம்மையைத் தொட்ட கை அது. என் பெருவிரலை அதில் வைத்துப் பார்த்தேன். குழிவு என் விரலுக்குப் போதவில்லை.

வேலையின் தரத்துக்கு வருகிறேன். உடைந்த பாகங்களை ஒட்டுவதற்கு முன், என் அப்பா முன்பு வீட்டில் போட்டிருந்த பழைய பசையைப் பெரியவரின் மகள் ஊசியால் சுரண்டி முழுவதும் எடுத்துவிட்டார். அது இருந்தால் மூட்டு ஒருநாளும் சரியாக உட்காராது என்றார். காகிதக்கூழையும் சுண்ணப்பொடியையும் பசையில் பிசைந்து இடைவெளிகளில் அடைத்து, இரண்டு நாள் உலரவிட்டு, உப்புத்தாளால் தேய்த்த பிறகே வர்ணத்தைத் தொட்டார்கள். பழைய வர்ணத்துக்கு இணையான நிறம் வரும்வரை சிறுசிறு கிண்ணங்களில் கலந்து, பொம்மையின் அடியோரத்தில் தொட்டுப் பார்த்துப் பார்த்துச் செய்ததை நான் நேரில் கண்டேன். செட்டியாரின் முதுகில் ஒட்டு எங்கே என்று இப்போது விரலால் தடவினால்தான் தெரியும். சரஸ்வதியின் வீணைத் தண்டு மூன்று துண்டாகியிருந்தது. அதற்குள் மெல்லிய கம்பி வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். சொல்லாமலே செய்த அந்தக் கம்பிக்காக இன்னொரு முறை நன்றி சொல்ல வேண்டும். "0-12-0" எழுதியிருந்த அடிப்பாகத்தின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துக்கொண்டு வேலை செய்து, முடிந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். எண்கள் அப்படியே இருக்கின்றன.

எல்லாமே குறையின்றி அமைந்துவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. செட்டியாரின் மனைவி பொம்மையின் முகத்தில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. அவசர ஆர்டர் ஒன்று குறுக்கே வந்ததால் அந்தப் பொம்மையை மட்டும் மருமகனிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் விரிசலை அடைத்ததோடு நிற்காமல், முகம் முழுவதும் புது வர்ணம் பூசி, கண்ணையும் புதிதாக எழுதிவிட்டார். பழைய முகத்தில் ஒரு கண் சற்றே கீழ்நோக்கி இருக்கும். கடையில் கணக்குப் பார்ப்பது போலத் தோன்றும். புதிய கண்கள் இரண்டும் அகலமாக, மையிட்ட நடனக்காரியின் கண்களைப் போல நேராகப் பார்த்தன. வேலை சுத்தமாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டியபோது, அவர் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது நம்ம வீட்டு செட்டியாரம்மா இல்லையே" என்றார். எனக்கு மிகவும் வேதனையாகிவிட்டது.

மறுநாளே திரும்ப எடுத்துச் சென்றேன். பெரியவர் வாதாடவில்லை; மருமகனைக் கடிந்துகொள்ளவும் இல்லை. பழைய படம் இருக்கிறதா என்று கேட்டார். 1980களில் எடுத்த கொலுப் படம் ஒன்று இருந்தது. அதில் செட்டியாரம்மா நகத்தளவுதான் தெரிந்தார். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி அமர்ந்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் அவரே கண்ணைத் திருத்தினார். பொம்மைக்குக் கண் எழுதுவதைக் கடைசி வேலையாக வைத்திருப்பது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது: மூச்சை அடக்கிக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. பழைய முகம் முழுமையாகத் திரும்பிவிடவில்லை. ஆனாலும் அந்தக் கண் மறுபடி கணக்குப் பார்க்கிறது. இதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை.

இரண்டாவது குறை தஞ்சாவூர் நடனப் பெண் பொம்மையில். பாவாடை, இடுப்புக்கு மேல் உடல், தலை எனத் தனித்தனிப் பாகங்கள் கம்பியில் தொங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக எடை பிசகாமல் நின்று ஆடுவது அதன் அழகு. காகிதக்கூழ்ப் பொம்மை என்பதால் விரிந்துபோன பாவாடையை நன்றாகவே சரிசெய்தார்கள். ஆனால் உள்ளே அடைத்த கலவை எடையை மாற்றிவிட்டது போலும். இப்போது தலை ஆடுகிறது, இடுப்பு ஆடவில்லை. இது தஞ்சாவூரில் கொடுக்க வேண்டிய வேலை என்று அவர்களே முதலில் சொல்லித் திருப்பியிருக்கலாம். ஆடும் பொம்மை உங்களிடம் இருந்தால் பொதுப் பட்டறையில் கொடுக்காதீர்கள்.

அவர்கள் செய்ய மறுத்த வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த செம்மர மரப்பாச்சி ஜோடி மங்கிப்போயிருந்ததால், அதற்கும் மெருகு போட்டுத் தரச் சொல்லி எடுத்துச் சென்றிருந்தேன். பெரியவர் அதை வாங்கி, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "மரப்பாச்சிக்கு வர்ணமும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். பஞ்சில தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சு வைங்க, போதும்" என்றார். அப்படியே செய்தேன், இரண்டே நாளில் மரம் தன் கருஞ்சிவப்புக்குத் திரும்பியது. வருகிற பணத்தை வேண்டாமென்று சொல்லத் தெரிந்தவரிடம் மற்றப் பதினொரு பொம்மைகளையும் நம்பிக் கொடுக்கலாம் என்று அப்போதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

பதினொரு பொம்மைகளுக்கும் சேர்த்து 4,600 ரூபாய் ஆயிற்று. சில பொம்மைகளுக்கு ஆன கூலி, அதே அளவுப் புதுப் பொம்மையின் விலையைவிட அதிகம். ஒட்டு வேலை புது வேலையைவிட அதிக நேரம் பிடிக்கும் என்பதைப் பார்த்த பிறகு எனக்கு அது மிகையாகப் படவில்லை. நான்கு வாரம் என்றார்கள். ஆறு வாரம் ஆனது. நடுவில் நாமே போன் செய்து கேட்டால்தான் விவரம் தெரிகிறது. ரசீது கிடையாது, பெயரும் எண்ணிக்கையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பொம்மைகளைச் செய்தித்தாளில் மட்டும் சுற்றித் தருகிறார்கள், அது போதாது. பழைய வேட்டி, சேலைத் துணிகளைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

கொடுக்க நினைப்பவர்கள் தை முதல் வைகாசிக்குள் கொடுத்துவிடுங்கள். ஆடி பிறந்துவிட்டால் பிள்ளையார், பிறகு கொலு, பிறகு குடில் என்று மார்கழிவரை அவர்களுக்கு ஓய்வில்லை. என் பொம்மைக்கு நேர்ந்த அவசரம் அந்த நெருக்கடியில் வந்ததுதான். ஒவ்வொரு பொம்மையையும், குறிப்பாக முகத்தை, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அச்சிட்டுக் கொடுங்கள். கண்ணைத் தொடக்கூடாது என்றால் அதைத் தனியாக, தெளிவாகச் சொல்லுங்கள். பளபளப்பு வேண்டாம் என்றால் வார்னிஷ் அடிக்க வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடியில் ஏதேனும் எழுத்து இருக்கிறதா என்று ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். எங்கள் பெட்டியைத் துழாவியபோது இன்னும் இரண்டு பொம்மைகளில் அணாக் கணக்கு கிடைத்தது, அதில் ஒன்று ஆச்சியின் கையெழுத்து அல்ல.

மகாளய அமாவாசையன்று ஏழு படிகளையும் கட்டினோம். கடைச் செட்டியாரும் செட்டியாரம்மாவும் வழக்கமான கீழ்ப்படியில், வலப்பக்கம் அமர்ந்தார்கள். ஆச்சி காலத்திலிருந்து வருகிற வழக்கப்படி, அம்மா ஒரு சிட்டிகை நிஜத் துவரம்பருப்பை அவர் முன்னால் போட்டார். தசாவதாரப் பெட்டியில் வாமனனின் குடை நெடுநாளாகக் காணவில்லை, பரசுராமருக்குக் கோடரி பிடித்த கை தளர்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் வருகிற தை மாதம் அதே பட்டறையில் கொடுப்பதாக இருக்கிறேன். படமெடுத்து வைத்துவிட்டேன்.