வார்டில் கணினிக் கேஸ் ஷீட்: பயன்படுத்தும் மருத்துவரின் மதிப்பீடு

நோயாளியின் சிகிச்சை விவரங்களைக் கையால் எழுதிய கேஸ் ஷீட்டுகளுக்குப் பதிலாக எங்கள் மருத்துவமனைக்கு வந்திருக்கும் கணினிப் பதிவு மென்பொருளை, அன்றாடம் அதில் எழுதும் வார்டு மருத்துவர் என்ற முறையில் மதிப்பிடுகிறேன்.

இதன் அமைப்பு, அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1960களில் முன்வைத்த முறையைத் தழுவியது. ஒவ்வொரு உடல்நலப் பிரச்சினையின் கீழும் நோயாளி சொன்னது, பரிசோதனையில் கண்டது, மருத்துவரின் கணிப்பு, அடுத்துச் செய்யவிருப்பது என நான்கு பகுதிகள் உள்ளன. காகிதத்தில் மூன்றாவது பகுதி பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். ‘ஆன்டிபயாடிக் மாற்றப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும் இருந்து, ஏன் மாற்றினார்கள் என்பது இல்லாவிட்டால், இரவுப் பணிக்கு வரும் டியூட்டி டாக்டர் அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று எதை வைத்து முடிவெடுப்பார்? இங்கே காரணத்தைப் பதியாமல் மருந்தை மாற்ற முடியாது. இந்த ஒன்றுக்காகவே இதை வரவேற்கிறேன்.

மருந்தளவிலும் கவனம் தெரிகிறது. 1.0 மில்லிகிராம் என்று எழுதினால் புள்ளி மங்கி 10 என்று படிக்கப்படும் ஆபத்து உண்டு என்பதால், தேவையற்ற அந்தப் பூஜ்யத்தை மென்பொருள் ஏற்பதில்லை.

பெரிய குறை, முந்தைய நாள் குறிப்பை அப்படியே நகலெடுக்கும் பொத்தான். சிறுநீர் வடிக்கப் பொருத்திய குழாயை அகற்றிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் ‘குழாய் உள்ளது’ என்ற வரி ஒரு நோயாளியின் குறிப்பில் தொடர்ந்ததைப் பார்த்தேன். தவறான பதிவு, பதிவே இல்லாததைவிட ஆபத்தானது. ஏனெனில் அதை எல்லோரும் நம்பிவிடுவார்கள். தயாரிப்பாளர்கள் அந்தப் பொத்தானை நீக்கியே ஆக வேண்டும்.

மருத்துவர்களை எழுத வைக்கச் சுற்றறிக்கைகளும் எச்சரிக்கைகளும் போதுமென்று நிர்வாகங்கள் எண்ணுகின்றன. என் அனுபவத்தில் அவற்றால் கையொப்பங்கள்தான் கூடின, குறிப்புகள் மேம்படவில்லை. இந்த மென்பொருளில் தினசரிக் குறிப்புகளிலிருந்தே டிஸ்சார்ஜ் சம்மரியின் வரைவு உருவாகிவிடுவதால், ஒழுங்காக எழுதியவருக்கு மாலையில் வேலை குறைகிறது. அதைக் கண்டபின் பயிற்சி மருத்துவர்களான ஹவுஸ் சர்ஜன்கள் தாமாகவே விரிவாக எழுதத் தொடங்கினார்கள். கூடவே, மாதந்தோறும் சில கேஸ் ஷீட்டுகளைப் பெயர் மறைத்து நாங்களே படித்து விவாதிக்கிறோம். யாரையும் தண்டிப்பதில்லை என்பதால் பேச்சு வெளிப்படையாக இருக்கிறது.

வாங்க எண்ணும் மருத்துவமனைகளுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் வார்டுக்கு ஒரே கணினி என்றால் வேண்டாம். ரவுண்ட்ஸ் முடிந்து வரிசையில் காத்திருக்கும் மருத்துவர், நினைவில் எஞ்சியதை மட்டுமே எழுதுவார்.