எக்ஸ்காலிபரா, தி ஸ்வார்ட் இன் தி ஸ்டோனா?

பிரிட்டனின் புராண அரசன் ஆர்தரின் கதையைத் திரும்பப் பார்க்க இந்த இரண்டு படங்களில் எதைப் போடலாம்?

நேரம்: டிஸ்னியின் 1963 கார்ட்டூன் தி ஸ்வார்ட் இன் தி ஸ்டோன் 79 நிமிடம். ஜான் பூர்மனின் எக்ஸ்காலிபர் (1981) 140 நிமிடம்.

கதை: கார்ட்டூன், சிறுவன் ஆர்தர் கல்லில் செருகிய வாளை உருவி அரசனாவதோடு சரி. எக்ஸ்காலிபர் அவன் பிறப்புக்கு முன்பே தொடங்கி முடிவு வரை போகிறது.

ஆர்தரின் மந்திரவாதி மெர்லின்: கார்ட்டூனில் கிருமியாக மாறிச் சூனியக்காரியை ஜெயிக்கும் தாத்தா. எக்ஸ்காலிபரில் நடிகர் நிக்கோல் வில்லியம்சன். சிரிக்க வைத்துக்கொண்டே மிரட்டுகிறார்.

காட்சி: எக்ஸ்காலிபருக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. அயர்லாந்துக் காடுகள், கவசங்களில் வழியும் பச்சை ஒளி. அப்புறம் அந்தக் குதிரைச் சவாரி! ஆர்தர் கடந்துபோக, வெறுமையாய் நின்ற மரங்கள் பூக்கின்றன. பின்னணியில் கார்ல் ஓர்ஃபின் இசை.

குழந்தைகளோடு என்றால் கார்ட்டூன்தான். ரத்தமும் படுக்கையறைக் காட்சியும் இருப்பதால் எக்ஸ்காலிபர் பெரியவர்களுக்கு மட்டும்.