கொழுந்துக் கணக்குக்கு எந்த ஃபிரேம்வொர்க்?

கூடலூர் பக்கம் ஆடியில் நனையும். கோத்தகிரி நனைவது ஐப்பசியில். அப்படி ஓர் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது நாங்கள் மூவரும் கடைவீதி மாடியறையில் உட்கார்ந்து ஒரே திரையை நான்கு முறை எழுதினோம். வாரம் ஒன்றாக ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல், நெக்ஸ்ட் ஜேஎஸ். நான்கும் ஃபிரேம்வொர்க்குகள், அதாவது இணையச் செயலி கட்ட ஆயத்த அடித்தளம் தரும் நிரல்தொகுப்புகள்.

செய்யப்போன பொருள் பெரிதல்ல. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை எடைபோட்டு வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஏஜெண்டுகளுக்கு ஒரு கணக்குச் செயலி. விவசாயி பெயர், எடை, ஈரத்துக்கான கழிவு, நிகர எடை. மாதக் கடைசியில் முன்பணத்தைக் கழித்துக்கொண்டு ஒரு பட்டுவாடாச் சீட்டு. கொழுந்துக்கான குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது. அதனால் எடை முதலில் வரும், விலை பிறகு வந்து சேரும். இந்த முன்பின் புரியாமல் தரவுத்தளத்தை வடிவமைத்தால் எந்த ஃபிரேம்வொர்க்கும் கைகொடுக்காது.

இத்தகைய ஒப்பீடுகளில் எல்லோரும் முதலில் வேகத்தை அளப்பார்கள். நொடிக்கு எத்தனை கோரிக்கை தாங்கும் என்ற பட்டியலை நாங்கள் திறந்தும் பார்க்கவில்லை. எங்கள் ஏஜெண்டுகள் எல்லோரும் ஒரே நேரத்தில் எடை பதிந்தாலும் நொடிக்குப் பத்துக் கோரிக்கையைத் தாண்டாது. எங்கள் அளவுகோலைக் கொடுத்தவர் ஒரு கணக்குப்பிள்ளை. முதல் மாதிரியைக் காட்டியபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: “தம்பி, தப்பாகப் பதிந்ததை அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். யார் அடித்தார்கள் என்றும் தெரிய வேண்டும். இதில் அது முடியுமா?”

“முடியும் ஐயா” என்று சொல்லிவிட்டு வந்தோம். நான்கு வாரமும் அந்த ஒரு கேள்விக்குத்தான் போனது.

ஜாங்கோ இதற்கென்றே பிறந்ததுபோல் இருந்தது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-ல் உருவாகி, 2005-ல் பொதுவில் வெளியானது அது. நிரல் எழுதத் தெரியாத ஆசிரியர் குழு அன்றைக்கே தரவைப் பதிய வேண்டும், திருத்த வேண்டும் என்ற அவசரம் அதன் எலும்பிலேயே இருக்கிறது. அட்டவணையின் வடிவத்தை எழுதிக் கொடுத்தால் பதிவு, தேடல், திருத்தத்துக்கான நிர்வாகத் திரை தானாக வந்துவிடும். யார், எப்போது, எந்தக் கட்டத்தை மாற்றினார் என்ற வரலாறும் அதிலேயே பதிவாகும். ஆனால் பழைய மதிப்பு என்ன என்பதை அந்த வரலாறு வைத்துக்கொள்வதில்லை. “எடை மாற்றப்பட்டது” என்று மட்டும் சொல்லும். கணக்குப்பிள்ளைக்கு அது போதாது. பழைய எண்ணையும் சேமிக்கும் தனி நிரல்தொகுப்பைச் சேர்த்த பிறகே அவர் கேட்ட கோடு கிடைத்தது.

இன்னொரு குழியும் உண்டு. நிர்வாகத் திரையில் விவசாயியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஜாங்கோ எல்லாப் பெயர்களையும் ஒரே கீழிறங்கு பட்டியலில் கொட்டிவிடும். ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள், ஒவ்வொரு வரிசையிலும். பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். தட்டச்சுச் செய்யச் செய்யத் தேடும் வசதி 2.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது, நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸை எங்களில் இளையவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். கல்லூரியில் ரியாக்ட் படித்தவன், நெக்ஸ்ட் அதன்மேல் கட்டப்பட்டது. கோவையிலிருந்து வேலை தேடி மலையேறி வருபவர்களிலும் பெரும்பாலானோருக்கு அதுதான் தெரிந்திருந்தது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. திரையும் அவன் எழுதியதுதான் அழகு. எடை தட்டத் தட்ட நிகர எடை கூடவே மாறியது. ஆனால் தரவுத்தளத்தோடு பேச ஒரு நூலகம் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்), உள்நுழைவுக்கு ஒன்று, நிர்வாகத் திரைக்கு ஒன்று என்று நாமேதான் பொறுக்கிக் கோக்க வேண்டும். அந்த வாரத்தில் பாதி பொறுக்குவதிலேயே போய்விட்டது. போதாக்குறைக்கு அடிப்படை நடத்தையே பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. 14-ம் பதிப்பு வரை, எடுத்துவந்த தரவைத் தானாகச் சேமித்து வைத்துக்கொள்வது வழக்கம். 2024 அக்டோபரில் வந்த 15-ல் அது தலைகீழாகிவிட்டது. எந்தப் பதிப்புக்கான பாடம் என்று பார்க்காமல் எழுதிய திரை நேற்றைய எடையைக் காட்டினால் ஏஜெண்ட் நம்மைத்தான் திருடன் என்பார். 2025 மார்ச்சில் அதன் மிடில்வேரில், அதாவது கோரிக்கை பக்கத்தை எட்டும் முன் கடக்கும் அடுக்கில், உள்நுழைவுச் சோதனையையே தாண்டிவிடும் ஓட்டை ஒன்றும் வெளியானது. உடனே திருத்தம் வந்தது, உண்மை. அந்தத் திருத்தத்தை அன்றே போட ஆள் வேண்டும், அதுவும் உண்மை.

காசுக் கணக்கில் ஒரு சின்ன உறுத்தல். நெக்ஸ்டில் எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். எடையைக் கிராமிலும் தொகையைப் பைசாவிலும் முழு எண்ணாக வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். எல்லோரும் எப்போதும் அதை நினைவில் வைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஜாங்கோவில் தசம எண்ணுக்கென்று தனி வகையே இருக்கிறது.

லாராவெல் 2011-ல் வந்தது, பிஎச்பி மொழியில் எழுதுவது. பலர் பகிர்ந்துகொள்ளும் மலிவான வாடகைச் சர்வரிலும் ஓடும், ஆள் கிடைப்பதும் எளிது. அதிகம் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு, பாதுகாப்புத் திருத்தம் இரண்டே ஆண்டு என்ற ஓட்டம்தான் மூவர் மட்டுமே உள்ள எங்களுக்குப் பயமாக இருந்தது.

ரெயில்ஸ்மேல் எனக்கு ஆசை. பேஸ்கேம்ப் என்ற செயலியிலிருந்து பிரித்தெடுத்து 2004-ல் வெளியிட்டார்கள். சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவைச் செயலியும் அதில் கட்டப்பட்டதுதான். நான்கில் மிகக் குறைந்த வரிகளில் முடிந்த திரை ரெயில்ஸ் திரைதான், வாசிக்கவும் இதமாக இருந்தது. ஆனால் நான் காய்ச்சலில் படுத்தால் அதைத் திறந்து பார்க்க எங்களில் வேறு ஆளில்லை. விளம்பரம் கொடுத்து வந்த ஒன்பது பேரில் ரெயில்ஸின் மொழியான ரூபியைத் தொட்டவர் ஒருவர்கூட இல்லை.

எங்களை மிகவும் அலைக்கழித்தது பட்டுவாடாச் சீட்டு. தமிழில் பிடிஎஃப். ‘தே’ என்ற எழுத்தைக் கணினி ‘த’வை முதலிலும் கொம்பைப் பிறகும் வைத்துத்தான் சேமிக்கிறது, காட்டும்போதுதான் கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யத் தெரியாத நூலகத்தில் ‘தேயிலை’ என்ற ஒரு சொல் இரண்டு இடத்தில் உடையும். லாராவெல்காரர்கள் வழக்கமாக எடுக்கும் டாம்பிடிஎஃப்பில் உடைந்தது, எம்பிடிஎஃப்புக்கு மாறியதும் நேரானது. ரெயில்ஸில் பிரான் என்ற நூலகத்திலும் உடைந்தது. ஜாங்கோவோடு வீசிபிரிண்ட் என்ற நூலகத்தைச் சேர்த்தபோது முதல் தடவையே ‘கோத்தகிரி’ கோத்தகிரியாக வந்தது. நெக்ஸ்டில் திரைக்குப் பின்னால் குரோமையே ஓடவிட்டு அச்செடுத்தோம். எழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருந்தது, எங்கள் சின்ன சர்வருக்குத்தான் மூச்சு முட்டியது. தமிழில் சீட்டு, ரசீது, சான்றிதழ் என்று எது அச்சிடப் போகிறவரும் முதல் நாளே ‘தேயிலை கோத்தகிரி’ என்று ஒரு வரியை அச்சிட்டுப் பார்த்துவிடலாம்.

சிக்னல் விஷயத்தில் நான்கும் ஒன்றுதான். சரிவில் இருக்கும் ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) கோபுரம் ஒரு திருப்பத்தில் எட்டும், அடுத்த திருப்பத்தில் எட்டாது. எடையைக் கைபேசியின் உலாவியிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்பும் வேலையை எந்த ஃபிரேம்வொர்க்கும் முழுதாகச் செய்து தராது. அதைத் தனியாக எழுதினோம். ஒவ்வொரு எடைக்கும் கைபேசியே ஓர் அடையாள எண்ணைக் கொடுத்துவிடுகிறது. அதே எண் மறுபடி வந்தால் சர்வர் சேர்த்துக்கொள்ளாது. முதல் வாரத்தில் இது இல்லாமல் விட்டோம். ஓர் ஏஜெண்ட் பொறுமையிழந்து மூன்று தடவை அழுத்த, 42 கிலோ 126 கிலோ ஆகிவிட்டது. விவசாயி மட்டும் புகார் சொல்லவில்லை.

ஜாங்கோ 5.2-ல் நின்றோம். நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. எடை பதியும் அந்த ஒரு திரையை மட்டும் ரியாக்ட்டில் விட்டுவைத்தோம், இளையவனின் முகத்துக்காகவும் கொஞ்சம்.

குன்னூரில் தங்கும் விடுதிகளுக்கு முன்பதிவுத் தளம் கட்டும் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தானும் ஜாங்கோவுக்கு மாறவா என்றார். வேண்டாம் என்றேன். அவருடைய வாடிக்கையாளர்கள் கூகுளில் தேடி வருபவர்கள். படம் சட்டென்று வர வேண்டும், நாட்காட்டியை விரலால் நகர்த்த வேண்டும். நெக்ஸ்டிலேயே இருங்கள், 15-க்கு மாறும் முன் எந்தப் பக்கம் எதைச் சேமித்து வைக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றேன்.