ஃபோர்டு என்ற அயர்லாந்துக் குடும்பப்பெயர்: அகராதியா, ஆவணமா, டிஎன்ஏவா?

அயர்லாந்தில் ஃபோர்டு என்ற பெயருக்குக் குறைந்தது நான்கு வேர்கள் உண்டு. மேற்கிலுள்ள கொனாட் மாகாணத்தின் தெற்கில் மாக் கில்லா ன நீவ், லீட்ரிம் மாவட்டப் பக்கம் மாக் கொன்னாவ, கார்க் மாவட்டத்தில் ஓ ஃபூர்ஹான். இவை மூன்றும் அயர்லாந்தின் சொந்த மொழியான கேலிக்கில் உள்ளவை. நான்காவது, இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய ஃபோர்டுகள். ஆகவே ‘ஃபோர்டுக்குக் கேலிக்கில் என்ன?’ என்று கேட்டால் விடை கிடைக்காது. ‘எந்த ஊர் ஃபோர்டு?’ என்று கேட்க வேண்டும். தேடும் வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே உரசிப் பார்க்கலாம்.

முதல் வழி, குடும்பப்பெயர் அகராதி. பாட்ரிக் வூல்ஃப் 1923இல் விரித்து வெளியிட்டதும் எட்வர்ட் மக்லைசட் 1957 முதல் கொண்டுவந்தவையும் இன்றும் அடிப்படை நூல்கள். பெயர் எப்படித் திரிந்தது என்பதை இவற்றைப் போல வேறெதுவும் காட்டாது. மாக் கொன்னாவ என்பதில் இருப்பவை வேட்டைநாயும் நீச்சலும். நீச்சலுக்குச் சொல் ‘ஸ்னாவ்’. பெயருக்குள் வரும்போது அதன் ‘ஸ்’ மென்மையாகி ‘ஹ்’ ஆகிவிடும். காதில் விழுவது ‘கொன்னாவ’. அதன் கடைசி அசைகள், ஆற்றை நடந்தே கடக்கும் துறையைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கவே, ‘துறை’ என்று பொருள்கொண்டு ஆங்கிலத்தில் ஃபோர்டு ஆக்கிவிட்டார்கள். கேட்டபடி எழுதியவர்கள் கின்னாவ் என்றார்கள். ஆனால் உங்கள் குடும்பம் எந்த வேர் என்று அகராதி சொல்லாது. நான்கையும் வரிசையாகத் தரும். பிடித்ததை எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது வழி ஆவணங்கள். உழைப்பு கூடுதல், ஆனால் என் ஓட்டு இதற்குத்தான். 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நிலமதிப்பீடு, நிலமும் வீடும் வைத்திருந்தவர்களை ஊர்வாரியாகத் தருகிறது; இணையத்தில் இலவசம். ஒரே தேவாலயப் பங்கில் ஃபோர்டும் கின்னாவும் அருகருகே வருகிறார்களா என்று பாருங்கள். அடுத்து, 1864இல் தொடங்கிய பிறப்புப் பதிவில் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் எல்லோரையும் தேடுங்கள். அண்ணன் கின்னாவ், தம்பி ஃபோர்டு என்று கிடைத்தால் வேர் உறுதி.

1901, 1911 குடிக்கணக்கில் அச்செழுத்துப் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். குடும்பத்தார் நிரப்பிய படிவத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். மதம், பிறந்த மாவட்டம், பேசும் மொழி ஆகியவற்றுக்குத் தனிப் பத்திகள் உண்டு. சில வீட்டார் படிவத்தையே கேலிக்கில் நிரப்பியிருப்பார்கள். அங்கே மகளின் பெயரில் ‘ஓ’ என்பது ‘நீ’ என்றும், ‘மாக்’ என்பது ‘நிக்’ என்றும் மாறும். இதைக் கவனிக்காமல் வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 1659 குடிக்கணக்கு, வட்டாரவாரியாக முக்கிய ஐரிஷ் பெயர்களை எண்ணிக்கையோடு தருகிறது. லீட்ரிமுக்கு உதவும், கால்வே, மேயோ பக்கங்கள் தொலைந்துவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் குடிக்கணக்குகள் பெரும்பாலும் இல்லை: ஒரு பகுதி அரசாணையால் அழிந்தது, மீதி 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் போனது.

மூன்றாவது, ஒய்-டிஎன்ஏ. தந்தைவழியை மட்டும் காட்டும். அந்தப் பெயரைத் தாங்கிய ஆண் ஒருவர் மாதிரி தர வேண்டும். டிஎன்ஏவில் 12 குறியீட்டு இடங்களை மட்டும் ஒப்பிடும் சோதனையில் தற்செயல் பொருத்தங்கள் குவியும். 37க்குக் குறையாமல் செய்யுங்கள், முடிந்தால் 111. பொருந்துபவர்களில் கின்னாவ்கள் பலர் இருந்தால் அது வலுவான தடயம். தத்தெடுப்போ தாய்வழிப் பெயரோ இடையில் வந்திருந்தால் சோதனை வேறு குலத்தைக் காட்டும். விழுக்காட்டுக் கணக்கில் ‘ஐரிஷ் வம்சம்’ சொல்லும் சோதனைகள் இந்தக் கேள்விக்குப் பயன்படா. பெயருக்கென்று குலச்சின்னம் விற்கும் கடைகளுக்கும் காசு கொடுக்காதீர்கள். சின்னம் தனிமனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டது, பெயருக்கு அல்ல.

ஊரை மட்டும் நம்பினாலும் வழுக்கும். மறைமலைநகரில் தொழிற்சாலை வைத்த கார் நிறுவனத்தின் ஹென்றி ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தந்தை வில்லியம் 1847இல் கார்க் மாவட்டத்து பாலினஸ்கார்த்தியிலிருந்து அமெரிக்கா போனவர். கார்க் என்றதும் ஓ ஃபூர்ஹான் என்று எழுதத் தோன்றும். ஆனால் அது புராட்டஸ்டன்ட் குடும்பம், இங்கிலாந்திலிருந்து வந்த வழி. இப்படிப்பட்ட இடங்களில் அகராதியைத் திறப்பதற்கு முன் ஞானஸ்நானப் பதிவேடு எந்தச் சபையுடையது என்று பார்த்துவிடுங்கள்.