பங்கீட்டில் கிடைக்கும் ஐபி முகவரியா, வாடகை முகவரியா?

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்துக் கடலோரத் தெருக்களுக்கு இணைய இணைப்புக் கொடுத்துவரும் நான், முதலில் தரகர் ஒருவரிடம் 256 ஐபி முகவரிகளை, அதாவது இணையத்தில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்களை, வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். பிறகு இந்திய தேசிய இணையப் பரிமாற்றகமான நிக்ஸியின் கீழ் இயங்கும், இந்தியாவில் முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் ஐ.ஆர்.ஐ.என்.என். பதிவகத்தில் விண்ணப்பித்து, பங்கீட்டு விதிப்படி சொந்த முகவரிகளையும், என் வலையமைப்பைத் தனியாக அடையாளம் காட்டும் ஏ.எஸ். எண்ணையும் பெற்றேன். இரண்டில் எது நல்லது என்று தொழிலுக்கு வரும் தம்பிகள் கேட்பதால் எழுதுகிறேன். என் மனம் பங்கீட்டின் பக்கம்தான்.

பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தாம். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஐ.ஆர்.ஐ.என்.என்.-க்கு மேலே உள்ள ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்ததும் ஆளுக்கு 1,024 என்று வரம்பு கட்டி, 2019-இல் அதை 512 ஆகக் குறைத்தது. பெரிய நிறுவனமானாலும் என்னைப் போன்றவனானாலும் அந்தத் தொகுதியில் உச்சவரம்பு ஒன்றே. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலைப் பகிர்ந்துகொண்ட ஊர்க்காரர்களுக்கு இந்த நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

சந்தையே போதும் என்பவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. விலை கிடைக்கும் என்பதால்தான் பழைய நிறுவனங்களிடம் சும்மா கிடந்த முகவரிகள் வெளியே வந்தன. வாடகையில் ஆவண வேலையும் குறைவு. இரண்டு நாளில் இணைப்பை ஓட்டிவிடலாம். முகவரிகளை விலைக்கே வாங்கியவர்களின் நிலை வேறாக இருக்கலாம். நான் பட்டது வாடகையில் மட்டுமே.

என் முடிவைத் தீர்மானித்தது முகவரி மாறும்போது படும் பாடு. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் தரகர் வாடகையைக் கூட்டினார். நான் மறுத்ததும் பதினைந்து நாளில் முகவரிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வீட்டு இணைப்புகளுக்கு அது பெரிய தொல்லையில்லை. ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத தனி முகவரி, வாங்கியிருந்த நாற்பது பேரிடம்தான் சிக்கியது. மீன் பதனிடும் கிடங்கு ஒன்றின் உரிமையாளர் துபாயிலிருந்தபடி கேமராவைப் பார்ப்பவர், அன்றிரவே, "என்ன தம்பி, படம் வரமாட்டேங்குது?" என்று அழைத்தார். "நம்பரு மாறிப்போச்சு காக்கா, காலையில போயி மாத்திக் கொடுத்துர்றேன்" என்றேன். உப்புக்காற்றில் துருவேறிய பெட்டியைத் திறந்து, கேமராப் படங்களைப் பதியும் டி.வி.ஆரின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல் அரை நாள் போராடி, சுவரில் மார்க்கரால் எழுதியிருந்த பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதி வந்தேன். இப்படி நாற்பது இடம். அடுத்துக் கிடைத்த வாடகை முகவரிகளிலோ, முன்பு குடியிருந்தவர் அனுப்பிய குப்பை மின்னஞ்சலால் சில எண்கள் தடைப்பட்டியலில் இருந்தன.

சொந்த முகவரிகள் வந்தபின் மேல்நிலை இணைப்பு தரும் நிறுவனத்தை ஒருமுறை மாற்றிவிட்டேன். எந்த வாடிக்கையாளர் வீட்டுக்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஏ.எஸ். எண் இருப்பதால் இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கி, ஒரு பக்கம் கேபிள் அறுந்தால் மறுபக்கம் ஓட்ட முடிகிறது. ஏ.எஸ். எண்ணுக்கு இப்போது தட்டுப்பாடும் இல்லை. 65,536 என்ற பழைய எல்லை, 32 பிட் எண்கள் வந்ததும் போய்விட்டது.

பங்கீட்டிலும் குறை உண்டு. 512 முகவரிகள் எல்லா வீடுகளுக்கும் தனித்தனியே காணாது. ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிரும் சிஜிநாட் முறை தேவைப்படும். கூடவே கிடைக்கும் புதிய முறை முகவரிகளான ஐபிவி6 தாராளமானது என்றாலும், பழைய டி.வி.ஆர்.களுக்கு அது புரியாது.

பங்கீட்டு முகவரி வெளியே போனால் என்ன வம்பு வரும் என்பதற்கு ஒரு சான்று: ஆப்பிரிக்கப் பதிவகம் ஒதுக்கிய பல லட்சம் முகவரிகள் கண்டத்துக்கு வெளியே பயன்பட்டது குறித்த தகராறு வழக்காகி, 2021-இல் மொரிஷியஸ் நீதிமன்றம் பதிவகத்தின் வங்கிக் கணக்குகளையே முடக்கியது. கடைசித் தொகுதியில் பெற்றதை ஐந்தாண்டுக்குக் கைமாற்றக் கூடாது என்ற ஏப்னிக் விதியைச் சிலர் தடை என்கிறார்கள். நாளை மண்டபத்திலோ தொண்டியிலோ தொழில் தொடங்குபவருக்கும் பங்கு மிஞ்ச வேண்டுமானால் அந்த விதி இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுக்கு இருமுறை நடக்கும் ஏப்னிக் கொள்கைக் கூட்டத்தில் இணையவழியாக யாரும் பேசலாம். ஸ்டேட்டிக் ஐபி வாடிக்கையாளர் பத்துப் பேரைத் தாண்டியவர்கள் விண்ணப்பத்தையும் போட்டுவிட்டு, அங்கேயும் வாருங்கள்.