அரத்துக்கு முன் அளவுகோல்: ஒரு ஆர்எக்ஸ் 100 இஞ்சின் வேலை

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர் எவரிடமும் யாராவது ஒருவர் "போர்ட்டிங் செய்துவிடுங்கள், வண்டி பறக்கும்" என்று சொல்லியிருப்பார். சிலிண்டர் சுவரில் கலவை நுழையவும் புகை வெளியேறவும் உள்ள துளைகளை, அதாவது போர்ட்டுகளை, அரத்தால் பெரிதாக்குவதே போர்ட்டிங். என் அண்ணன் 1992இல் வாங்கிப் பின்னர் எனக்குத் தந்த வண்டியை அந்த எண்ணத்தோடுதான், டூ ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டுமே எடுக்கும் சென்னையின் ஒரு சிறிய பட்டறையில் விட்டேன். நான் கேட்ட வேலையை அவர்கள் செய்யவில்லை. அதற்காகவே அவர்களைப் பாராட்டுகிறேன்.

மெக்கானிக் முதல் நாள் அரத்தைத் தொடவே இல்லை. சிலிண்டரைக் கழற்றி, மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் விட்டு அளந்து காகிதத்தில் குறித்தார். பிறகு கார்புரேட்டர் பக்கத்தையும் சைலன்சர் பக்கத்தையும் அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தபோது, மேக்னெட் பக்கத்து ஆயில் சீல் கசிவது தெரிந்தது. டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டருக்குக் கீழே உள்ள கிராங்க் அறையே பெட்ரோல் கலவையை உறிஞ்சித் தள்ளும் பம்பாகவும் வேலை செய்வதால், அந்தச் சீல் வழியாக வெளிக்காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, முழு வேகத்தில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இதைப் பார்க்காமல் போர்ட்டை மட்டும் பெரிதாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

போர்ட்டிங் பற்றி அவர் தந்த விளக்கம் தெளிவாக இருந்தது. 98 சிசி கொள்ளளவில் 7,500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன் தரும் இந்த இஞ்சினில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை உயர்த்தினால் அது முன்கூட்டியே திறக்கும்; திறன் மேல் ஆர்பிஎம்மின் ஒரு குறுகிய எல்லைக்குப் போய்விடும், நகர்ப்புற நெரிசலில் நாம் நம்பியிருக்கும் கீழ் ஆர்பிஎம் இழுவை குறையும். கியர் நான்குதான் என்பதால், அடுத்த கியருக்கு மாறும்போது ஆர்பிஎம் அந்தக் குறுகிய எல்லைக்குக் கீழே விழுந்துவிடும். பந்தயத்தடத்தில் ஓடும் வண்டிக்கு இது பொருந்தலாம், அலுவலகத்துக்குப் போகும் வண்டிக்குப் பொருந்தாது. அரத்தால் எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்கவும் முடியாது. ஆகவே போர்ட்டுகளின் உயரத்தை அப்படியே விட்டு, வார்ப்பில் துருத்திக்கொண்டிருந்த பிசிறுகளை மட்டும் நீக்கி, சிலிண்டரும் கிராங்க் கேஸும் சேரும் இடத்தில் கலவையை மேலே கொண்டுபோகும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் படியின்றிப் பொருந்தும்படி செய்தார்.

தேய்ந்த சிலிண்டருக்கு 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் தேவைப்பட்டது. இதனால் சிலிண்டரின் 50 மி.மீ. உள்விட்டம் 50.5 மி.மீ. ஆகிக் கொள்ளளவு ஏறத்தாழ 100 சிசியைத் தொடுகிறது. அந்த 2 சிசியால் வேகம் கூடிவிடாது என்பதையும் அவரே சொன்னார். பந்தய வண்டிகளில் காணும் வயிறு பெருத்த சைலன்சரையும் கேட்டேன். புகைப்போக்கில் எழும் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, வெளியேறப் பார்க்கும் புதுக்கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளுவதற்காக அதன் கூம்புகளின் நீளம் கணக்கிடப்படுகிறது. போர்ட் அளவோடு பொருந்தாத ஒன்றை மாட்டினால் சத்தம் மட்டுமே மிஞ்சும் என்று கூறி அவர் மறுத்துவிட்டார்.

இறுதியில் மாமல்லபுரம் வரை ஓட்டிப் பார்த்தோம். முழு த்ராட்டிலில் போய்க்கொண்டிருக்கும்போதே இஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கலவையில் பெட்ரோல் குறைவு என்பதைக் காட்டும்படி அது வெளுத்திருந்ததால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினார். அடுத்த முறை காபித்தூள் நிறம் வந்தது. இப்போது மேம்பாலம் ஏறும்போது மூன்றாம் கியரிலேயே வண்டி சலிக்காமல் இழுக்கிறது. ஐடிலிங்கும் சீராக நிற்கிறது. புதிய வண்டியில் அண்ணனின் பின்னால் உட்கார்ந்து போன நாட்களின் பிக்கப் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

குறைகளும் உண்டு. பத்து நாள் என்று சொல்லி இருபத்து நான்கு நாள் எடுத்தார்கள், அதற்குள் மூன்று முறை வீணாக அலைந்தேன். மாற்றிய பாகங்களுக்கு விவரமான பில் இல்லை. பழைய பிஸ்டனும் திரும்ப வரவில்லை. ஜெட் எண்ணை நான் கேட்ட பிறகுதான் எழுதித் தந்தார்கள். அது இல்லாமல் நாளை வேறொரு மெக்கானிக் இந்தக் கார்புரேட்டரைத் திறந்தால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உங்கள் வண்டியை எந்தப் பட்டறையில் விட்டாலும், சிலிண்டர் அளவு, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி, ஜெட் எண் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே சாவியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.