ஆல்ஃபா ரோமியோ 2000 ஸ்பைடர்: ஒன்பது வருடம், 31,000 கிலோமீட்டர்

மிலானுக்கு வேலைக்கு வந்த மூன்றாவது வருடம் இதை வாங்கினேன். 1972 மாடல் ஸ்பைடர் வெலோசே, மேல்கூரை திறக்கும் கார். 1962 சிசி எஞ்சின், ஐந்து கியர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். உடம்பு இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபாரினா வடிவமைத்தது. 1970-க்கு முன் வந்த ஸ்பைடர்களின் வால் உருண்டிருக்கும். இதன் வால் நறுக்கென்று வெட்டியது.

பழைய இத்தாலிய கார் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: வாரம் ஒரு முறையாவது ஓட்ட முடியும் என்றால் வாங்குங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால்தான் இதற்கு வியாதி வரும்.

காலையில் எடுத்ததும் விரட்டக் கூடாது. தண்ணீர் சூடாகிவிட்டாலும் ஆயில் சூடாக இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை இரண்டாவது கியரை அவசரமாகத் தள்ளினால் கறகறக்கும். இந்த கியர்பாக்ஸில் முதலில் தேய்வது, கியர் பற்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் அந்த சிங்க்ரோதான். நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்திப் போட்டால் சத்தமில்லாமல் விழும். கியர் கம்பி தரையிலிருந்து எழும்பாது, முன்னாலிருந்து சாய்வாக நீளும். ஸ்டியரிங்கை விட்ட கை நேராக அதன் மேல்தான் போய் அமரும். டாப்பைத் திறந்துகொண்டு லெக்கோ பக்கத்துச் சுரங்கங்களுக்குள் மூன்றாவது கியரில் போய்ப் பாருங்கள். இரட்டை கேம்ஷாஃப்ட் எஞ்சினின் அந்தக் குரலுக்காகவே நான் எத்தனையோ ஞாயிறு வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறேன்.

நான்காவது வருடம் ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் மெல்ல ஓடுவது, தடுமாறியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூன்று மாதம் பிளக், பாயின்ட், கண்டென்சர் என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வேறொரு முதிய மெக்கானிக், ஓடுகிற எஞ்சினில் கார்புரேட்டருக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மேல் கொஞ்சம் கிளீனர் அடித்தார். சட்டென்று எஞ்சின் சத்தம் மாறியது. ரப்பரில் மயிரிழை வெடிப்பு, அதன் வழியே காற்று உள்ளே போயிருக்கிறது. வாங்குமுன் அந்த ரப்பரை விரலால் மடக்கிப் பாருங்கள். தரைத் தகட்டையும் கதவுக்குக் கீழ்ப் பட்டையையும் தட்டிப் பாருங்கள். துரு அங்கேதான் உட்காரும். குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் நாட்களில் நான் வண்டியை வெளியே எடுப்பதில்லை.

என் வண்டி மிலான் மாகாணத்துக்குள்ளேயே கை மாறி வந்தது. அதனால் எண் மாறாமல் பழைய கருப்பு நம்பர் பிளேட் அப்படியே இருக்கிறது. போன வருடம் அரேசேயில் உள்ள ஆல்ஃபா மியூசியத்துக்குப் போயிருந்தபோது, ஒரு மூதாட்டி அந்த பிளேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணைத் தன் கைப்பையில் இருந்த சீட்டில் எழுதிக்கொண்டு போனவர், இரண்டு வாரத்தில் மறுபடி வந்து என்னைப் பார்த்தார். கையில் ஒரு கருப்பு வெள்ளைப் புகைப்படம். லிகூரியா கடற்கரைச் சாலை. ஸ்டியரிங்கில் அவர் கணவர், பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு அவர். பம்பருக்குக் கீழே அதே எண்.

"அப்போது இது சிவப்பு இல்லை, மஞ்சள்" என்றார்.

டிக்கியில் விரிப்பைத் தூக்கிக் காட்டினேன். ஸ்டெப்னி உட்காரும் பள்ளத்தில், சிவப்பு உரிந்த இடத்தில், உள்ளங்கை அளவுக்குக் காவி கலந்த மஞ்சள். அவர் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

வருகிற ஏப்ரலில் பெயின்டுக்கு விடுகிறேன். அந்தக் காவி கலந்த ஓக்ரா மஞ்சள்தான்.